எட்டு நாளு நடிச்சவன வெட்டுன படம்

எங்க ஏரியாவ வச்சு ஒரு படம் வந்துச்சு. வந்த அன்னிக்கே ராயபுரம் ரெண்டாப் பூடுச்சு. பாதி பேரு, "நம்மள எல்லாம் கத்தி தூக்குற கூட்டமா காட்டிகீறான், தூ"ன்னான். மீதிப் பேரு, "நம்ம பாஷைய வச்சு சிரிக்க வுடாம அழ வுட்டுகீறான், தூளு"ன்னான். நான் ரெண்டாவது கோஷ்டி. இன்னிக்கும் அதே கோஷ்டிதான், மாத்திக்க மாட்டேன்.

என் தோஸ்து மொத கோஷ்டி. நானும் அவனும் திருவொத்தியூர்ல ஒரு கன்டெய்னர் யார்டுல வேல பாக்குறோம். அவனுக்கு அந்தப் படத்து மேல காண்டு வந்த காரணம் வேற. காசிமேட்டுல அதுக்கு ஷூட்டிங் நடந்தப்போ எட்டு நாளு லீவு போட்டுட்டுப் போயி நின்னான். ஏழு நாளு கூட்டத்துல ஒருத்தன். எட்டாவது நாளு, நானும் வேடிக்க பாக்கப் போயிருந்தேன், அவனுக்கு ஒரு வசனம் குட்தாங்க. வலை மேல ஏறி ஓடுற ஈரோவப் பாத்துக் கத்தணும். "பிரதர், வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க"ன்னாரு டைரக்டரு. இவன் கேமராவப் பாத்ததும் நெஞ்ச நிமித்திக்கினு, "தம்பி, வலையை மிதிக்காதீர்கள். கிழிந்துவிடும்"ன்னான். நாலு டேக்கு. நாலு வாட்டியும் அதே நியூஸு வாசிக்கிற தமிழு. நான் பக்கத்துல நின்னு வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கிறேன்.

"இன்னாத்துக்குடா இப்டி?"ன்னேன்.

"மாமனாரு வூட்ல பாப்பாங்கடா. லோக்கலா பேசுனா கேவலமா நெனைக்க மாட்டாங்க?"

புதுசா கல்யாணம் ஆனவன், பாவம்.

படம் வந்ததும் மாமனாரு, மாமியாரு, பொண்டாட்டி எல்லாரையும் தியேட்டருக்கு இட்டுகினு வந்தான். நானும் போனேன். வலை சீன் வந்துச்சு. ஈரோ ஓடுனான், வலை இருந்துச்சு, இவன் இல்ல. இடைவேளைல மாமனாரு என்னாண்ட குனிஞ்சு, "மாப்ள நெஜமா நடிச்சாராப்பா? நீ கூட போனியாமே?"ன்னாரு. என் வாயி சும்மா இருக்குமா? "ஷூட்டிங்கா? எப்போ நைனா?"ன்னு மூஞ்சப் பாவமா வச்சிக்கினு கேட்டேன். கலாய்க்கிறேன்னு புரிஞ்சிக்குவாங்கன்னு நெனச்சேன். ஒருத்தரும் சிரிக்கல. மாப்ள புளுகுறவன்னு அந்த வூட்ல முடிவாயிடுச்சு. என்னோட அவன் பேச்ச நிறுத்திட்டான்.

யார்டுல மத்தியானம் கன்டெய்னர் நிழல்ல குந்திக்கினு, செல்போன டிபன் டப்பா மேல சாச்சு வச்சு, எல்லாரும் சேந்து சீரிஸு பாப்போம். ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு. வூட்டுக்குப் போயி திருட்டுத்தனமா அடுத்தது பாத்தவனுக்கு மறுநாளு நிழல்ல எடம் கெடையாது. ஒரு நாளு நான் வழக்கம்போல சவுண்டு வுட்டேன்.

"படம்னா ரெண்டரை மணி நேரத்துல ஆள அடிச்சு வூட்டுக்கு அனுப்பும். இந்த சீரிஸுக்காரன் ஒருத்தன் மாடிப்படி ஏறுறதையே ஒரு எபிசோடு காட்டுறான்."

ஒரு மாசமா பேசாதவன் திரும்புனான். "மொத எபிசோடுல டீ ஊத்துனானே, அவன ஞாபகம் கீதா? இப்போ ஆறாவதுல அவனுக்கு ஒரு வூடு கீது, பொண்ணு கீது, சண்ட கீது. டீ ஊத்துறவனுக்கே! உன் படத்துல எட்டு நாளு நின்னவனுக்கு இன்னா மாமு கீது?"

"நீ ஒழுங்கா பேசல, வெட்டிட்டான்."

"நான் ஒழுங்கா பேசல, சரி. நீ இன்னா பேசுன? ஓவர்டைம்னு சொன்னாக் கூட என் பொண்டாட்டி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றாடா இப்போ."

மீதிச் சோத்த மூடி வச்சிட்டு வேலைக்கு எழுந்தேன்.

ஞாயித்துக்கிழம ராயபுரத்துல அவன் மாமனாரு வூட்டுக்குப் போனேன். அவனும் பொண்டாட்டியும் அங்கதான் இருந்தாங்க. என்னப் பாத்ததும் எழுந்து உள்ள பூட்டான்.

"நைனா, தியேட்டர்ல நான் சொன்னது டூப்பு. மாப்ள நடிச்சாரு. பக்கத்துல நின்னு பாத்தேன்."

"அப்போ இன்னாத்துக்கு வெட்டுனாங்க?"

ரெண்டு வார்த்த சொல்லிட்டுக் கெளம்பலாம்னுதான் வந்தேன். ஆனா என் வாயிக்கு இருக்குற கெட்ட பேருக்கு, மொத நாள்லேந்து சொன்னாதான் நம்புவாங்க. ஏழு நாளு வெய்யில்ல நின்னதச் சொன்னேன். வசனம் கெடச்சதும் சலூனுக்கு ஓடி மழமழன்னு சவரம் பண்ணிக்கினு வந்து நின்னதையும், டைரக்டரு தலைல கை வச்சிக்கினதையும் சொன்னேன். ரெண்டு வாட்டி டீ வந்துச்சு. கடைசில எழுந்து நின்னு அந்த வசனத்த நடிச்சே காட்டுனேன். மாமியாரு முந்தானையால வாயப் பொத்திக்கினு குலுங்குனாங்க. மாமனாரு மட்டும் சிரிக்கல.

"யாருக்காகப்பா அப்டி பேசுனாரு?"

"உங்களுக்காகதான் நைனா. லோக்கலா பேசுனா கேவலமா நெனைப்பீங்கன்னு."

"நாங்க இன்னா டில்லிலேந்தா வந்துகீறோம்?" உள்ள பாத்துக் கொரல் குட்தாரு. "மாப்ள! இங்க வாங்க. இவன் கலாய்ச்சுக் கலாய்ச்சு சொல்றான். நீங்க சொல்லுங்க."

வந்தான். என்னப் பாக்கல. பொண்டாட்டி பக்கத்துல உக்காந்தான். அவ கொஞ்சம் நவுந்து எடம் வுட்டா. மறுபடியும் மொத நாள்லேந்து ஆரம்பிச்சான். இத ஒரு படத்துல வச்சா, "இழுக்குதுடா"ன்னு மொதல்ல விசிலடிக்கிறவன் நான்தான். அன்னிக்கு வாயத் தொறக்கல. அது எனக்கு எவ்ளோ கஷ்டம்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும்.