பௌர்ணமிக்கு ஒரு வாடகை அறை

அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்கு ஆட்டோவில் போய் வந்துவிடலாம், பௌர்ணமி குறுக்கே வராதவரை. அன்று கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள். எங்கள் ஊரே பாதையோரம் கடை விரித்து உட்கார்ந்துவிடும், நானும்தான். போன வருஷம் அப்படி ஒரு பௌர்ணமியில் சிகிச்சை தவறிப்போய், மறுநாள் அக்கா மூச்சுக்குத் திணறியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரில் அவளைப் போல இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரி ஒன்று, வருஷா வருஷம் ஒரு தொகையை ஒதுக்கி, ஊர்த் தேவைகளுக்காகச் சின்னக் குழுக்களுக்குக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். திருப்பித் தர வேண்டாம், செய்த வேலையைக் காட்டினால் போதும். எங்கள் மகளிர் குழுவில் சொன்னேன்.

“நாம வேதக்காரங்க இல்லியே, நமக்குக் குடுப்பாங்களா?” என்றார் பொருளாளர்.

“கேட்டா இன்னா, கொறைஞ்சா பூடுவோம்?” என்றேன்.

விண்ணப்பத்தில் ‘தேவை’ என்ற இடத்தில் வேன் என்று எழுதினோம். கேட்பதே கேட்கிறோம், பெரிதாகக் கேட்போமே என்ற ஆசை. வேன் வருவதற்கு முன்பே அதை யார் வீட்டு வாசலில் நிறுத்துவது என்று சண்டையும் போட்டு முடித்துவிட்டோம்.

நேரில் விசாரிக்க ஒரு சிஸ்டர் வந்தார். காபியைக் குடித்துக்கொண்டே விண்ணப்பத்தைப் படித்தார்.

“பௌர்ணமி அன்னிக்கு வண்டிங்கள உள்ள வுடமாட்டாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப இந்த வேன் மட்டும் எப்படிங்க போகும்?”

மாதா மாதம் போலீஸ் தடுப்புக்கு உள்ளேயே உட்கார்ந்து சுண்டல் விற்கிற எங்களில் ஒருத்திக்குக்கூட இது உறைக்கவில்லை. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. சிஸ்டர் சிரிக்கவில்லை. நோயாளியைப் பார்க்கலாமா என்றுதான் கேட்டார். அக்காவிடம் அழைத்துப் போனேன்.

“வண்டி எதுக்கும்மா? மொத நாளே போய் டவுன்ல தங்கிட்டா முடிஞ்சுது. அந்த நேரத்துல லாட்ஜ்ல வாடகை ரொம்ப ஜாஸ்தி, அதான் போறதில்ல” என்றாள் அக்கா.

“இத ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

“நீ எங்கடி கேட்ட?”

கேட்கவில்லைதான். அவளுக்காக ஊரெல்லாம் அலைந்த நான், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றே வேனை அடித்துவிட்டு, டவுனில் டயாலிசிஸ் செய்யும் ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு அறைக்கு ஒரு வருஷ வாடகை, துணைக்கு ஒரு ஆள் என்று மாற்றி எழுதினோம். அவர்கள் கமிட்டி கூடி, இரண்டு மாதத்தில் சரி என்று கடிதம் அனுப்பியது. அறை பார்த்து அமர்த்தியது நான்தான்.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாளே மூன்று பேரும் துணை ஆளோடு கிளம்பிப் போனார்கள். மறுநாள் கடையில் இருந்தேனே தவிர, மனசு அங்கே இல்லை. சில்லறையை இரண்டு முறை தப்பாகக் கொடுத்தேன். சாயங்காலம் அக்காவின் போன் வந்தது.

“எல்லாம் முடிஞ்சுது. யாருடி இந்த ரூமப் பாத்தது? ஃபேன் ராவெல்லாம் கடகடங்குது. தலகாணி கல்லாட்டம் இருக்குது. பக்கத்துல படுத்தவ வுட்ட கொறட்டையில பொட்டுத் தூக்கம் இல்ல. பாத்ரூம் கதவுக்குத் தாப்பாவே இல்லடி, வந்து இன்னான்னு பாரு!”

அத்தனையும் ஒரே மூச்சில் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில்கூட மூச்சு இளைக்கவில்லை. சுண்டலுக்குக் கை நீட்டியவர்கள் நிற்க நிற்க, எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“இன்னும் திட்டுக்கா” என்றேன்.