அழுகண்ணிக்கு வைத்த தண்ணீர்

அழுகண்ணி பூச்சி தின்னும் செடி. ஒட்டுசுட்டானில் எங்கள் வயலுக்குப் பின்னால், குளத்து நீர் வற்றும் மணல் தரையில், காசுக்குற்றி அளவில் சிவப்பாகப் படர்ந்து கிடக்கும். எல்லோரும் மிதித்துக்கொண்டு போவார்கள். நான் குனிந்து பார்த்தேன், அதுதான் வினை.

பல்கலைக்கழகக் கடைசி வருட ஆய்வுக்கு அதன் பூவை எடுத்தேன். வெயில் ஏறத் திறக்கிற பூ மத்தியானத்துக்குள் மூடிவிடும். அதற்குள் சூலகத்தை வெட்டி, மெல்லிய சீவலாக்கி, ருதீனியம் சிவப்பு என்கிற சாயத்தில் தோய்த்துப் பார்க்க வேண்டும். கலச்சுவரில் பெக்டின் இருக்கும் இடமெல்லாம் சிவக்கும். பெக்டின் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, விளாம்பழ ஜாமை இறுக வைக்கிற அதே பொருள்தான். மகரந்தக் குழாய் சூல்வித்தைத் தேடிப் போகும் வழியில் அந்தச் சுவர் இளகி இருக்கிறதா, கல்சியம் பிடித்து இறுகி இருக்கிறதா என்பது என் கேள்வி. மொட்டிலிருந்து விதை வரைக்கும் ஒவ்வொரு பருவத்திலும் பார்க்க வேண்டியிருந்தது.

பங்குனியில் குளக்கரை காய்ந்துவிட்டது. செடிகளை மண்ணோடு கிண்டி, பேசினில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவற்றுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, உப்புப் பட்டால் கருகிவிடும். எங்கள் கிணறோ தண்ணீர் கொதிக்கிற கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படை கட்டுகிற கிணறு.

அப்பாவுக்கும் அந்தத் தண்ணீர் ஆகாது. அவருக்குச் சிறுநீரக வருத்தம். பில்டர் தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அம்மா சந்தியிலிருந்து இரண்டு கான் தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவா. அதில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்தது போதாதென்று ‘செடிக்கு மட்டும், தொடக்கூடாது’ என்று எழுதி ஒட்டியும் வைத்தேன். பெரிய விஞ்ஞானி!

அந்தக் கிழமை சந்தியில் பில்டர் மெசின் பழுதாகிவிட்டது.

“இன்னும் திருத்தேல்லையாம்” என்று அம்மா வெறும் கானோடு திரும்பி வந்தா. நான் சூலகம் சீவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். “தேத்தண்ணி ஒரு மாதிரிக் கிடக்குது, பிள்ளை.”

“உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு குறை” என்று எரிந்து விழுந்தேன். அவர் குடித்து முடித்தார்.

அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். இரத்தப் பரிசோதனை மோசமாக வந்திருந்தது. என்ன தண்ணீர் குடிக்கிறார் என்று டொக்டர் கேட்டார்.

“மெசின் பழுதான நாளையிலையிருந்து கிணத்துத் தண்ணியை நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறனான் ஐயா” என்றா அம்மா, பெருமையாக. “மற்றக் கான் பிள்ளையின்ர படிப்புக்கு. அதைத் தொடேல்லை.”

கொதித்தால் கிருமிதான் சாகும், கரைந்திருப்பதெல்லாம் போகாது. முதலாம் வருடத்திலேயே படித்தது. இவ்வளவு படித்தவள் அதை அம்மாவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

இந்த நோய் எப்படியும் முற்றியிருக்கும், தண்ணீரை மட்டும் காரணம் சொல்ல முடியாது என்றார் டொக்டர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். என் செடிகள் பூத்தன, விதையும் பிடித்தன. கல்சியம் சேரச் சேரச் சுவர் எப்படி இறுகுகிறது என்று இரண்டு பக்கம் எழுதி, நல்ல புள்ளியும் வாங்கினேன். அப்பா வவுனியாவுக்கு இரத்தம் சுத்திகரிக்கப் பஸ்ஸில் போய் வந்தார். அந்த வருடம் முடியுமுன் செத்துப்போனார்.

அப்பாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று, குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா கேட்டா: “பிள்ளை, நான் கொதிக்க வைச்சுக் குடுத்தது பிழையோ?”

“இல்லை அம்மா. கொதிக்க வைச்சால் ஒண்டும் செய்யாது.”

அவா மனம் ஆற வேண்டுமென்று சொன்னதாகத்தான் நினைத்தேன். உண்மையில் அடுத்த கேள்வி வந்துவிடுமோ என்று பயந்துதான் சொன்னேன்.

போன மாதம் பக்கத்து வளவு அக்கா வந்திருந்தா. அவாவின் புருஷனுக்கும் இதே வருத்தம், புதிதாகக் கிளினிக்கில் பதிந்து கொப்பி கொடுத்திருக்கிறார்கள். நான் அறைக்குள் இருந்தேன்.

“ஒவ்வொரு நாளும் சந்திக்கு ஏன் அலையிறாய்? கொதிக்க வைச்சுக் குடு, போதும்” என்றா அம்மா. “நானும் இப்ப அதைத்தான் குடிக்கிறனான். என்ர மகள் இதைத்தானே படிச்சவள். அவளே சொன்னவள்.”

எழும்பி வெளியே போனேன். “வேண்டாம் அக்கா, குடுக்காதேங்கோ. அம்மா, நான் அண்டைக்குப் பொய் சொன்னனான். அந்தக் கானைத் தொடக்கூடாதெண்டு எழுதினதும் நான்தான். பிழை என்ர.”

நான் கடைசியாகச் சொன்னது அம்மாவின் காதில் விழவே இல்லை. அக்கா பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் சொன்னா:

“அப்ப என்ர கையாலைதான் அந்த மனிசனுக்குக் குடுத்திருக்கிறன்.”