கறுப்பு வெளுக்குமா?

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் அடிக்கிற சின்னக் கடை எனக்கு. கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் போடும் விளம்பரப் படங்களும் செய்து கொடுப்பேன். ஒரு மத்தியானம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டிலேயே புர்கா தைத்து விற்பவள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள்.

சவூதியில் டிரைவராக இருந்த கணவர் முதுகில் அடிபட்டு ஊர் திரும்பியிருந்தார். அவரால் அதிக நேரம் உட்கார முடியாது. குடும்பம் இவள் தையலை நம்பித்தான் ஓடியது. வியாபாரத்தைப் பெருக்க ஆன்லைனில் ஒரு மார்க்கெட்டிங் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். தினமும் ரீல்ஸ் போடு, கட்டுரை எழுது, மாதம் முழுவதற்கும் திட்டம் போடு என்றிருக்கிறார்கள்.

"எழுத உக்காந்தா ஒன்னுமே வரமாட்டேங்குதுக்கா. இதுலயே கெடந்து மெசின் பக்கமே போகல. நீங்களே தெனம் ஒரு போஸ்டர் போட்டுக் குடுத்துடுங்க."

எனக்கு அது வருமானம்தான். ஆனாலும் சரியென்று சொல்ல மனசு வரவில்லை. "போன்ல ஆர்டர் குடுக்கறவங்க உங்ககிட்ட என்ன கேப்பாங்க?" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கறுப்பு வெளுக்குமாம்பாங்க. பஸ் ஏறுறப்ப கால்ல மாட்டுமாம்பாங்க. புள்ளைக்குப் பால் குடுக்கத் தோதா இருக்குமாம்பாங்க."

"அதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?"

பேச ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. எந்தத் துணி வெயிலுக்குத் தாங்கும், ஓரத்தை எவ்வளவு மடித்தால் தட்டாது என்று சேலை முந்தானையைப் பிடித்தே காட்டினாள். "இதுதாங்க நீங்க போட வேண்டியது. சின்னச் சின்ன வீடியோ. ஒரு கேள்வி, ஒரு பதில். முகம் வேணாம், கை தெரிஞ்சாப் போதும். முடியறப்ப போடுங்க" என்றேன். "இவ்வளவுதானாக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வீடியோவை எடுத்துக் காட்ட அவள் வீட்டுக்குப் போனேன். கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "கையக் காட்டட்டும். இவ கொரலு ஊரெல்லாம் கேக்கணுமா?" என்றார். அவள் துணியை மடிக்கத் தொடங்கினாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் கெட்டவரில்லை. சம்பாதித்துப் போட்டவர், இப்போது படுத்த இடத்திலிருந்து மனைவி உழைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வலி எதிலாவது வெளியே வரத்தானே செய்யும்?

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "நான் பேசறேன். அவ செஞ்சு காட்டட்டும்" என்றார்.

போனைத் தலையணையில் சாய்த்து வைத்தேன். அவள் வாளித் தண்ணீரில் துணியை நனைத்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்தத் துணிய சுடுதண்ணில நல்லா ஊறவச்சு..." என்று தொடங்கினார்.

"அய்யோ, சுடுதண்ணியா! பச்சத் தண்ணிங்க. சுடுதண்ணில போட்டா சாயம் பூரா போயிடும்!" அவளால் பொறுக்க முடியவில்லை.

"நீதான சுடுதண்ணின்னு சொன்ன?"

"அது டீக்கறைக்குச் சொன்னது!"

திரும்பப் போட்டுக் கேட்டோம். முதலில் அவர்தான் சிரித்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தார். அவள் வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னொரு தடவ எடுப்போங்கக்கா, நான் பேசாம இருக்கேன்" என்றாள்.

"வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றார் அவர்.

அந்த வீடியோவைப் போட்டபோது முதலில் சொந்தக்காரர்கள் மட்டும்தான் பார்த்தார்கள். மெல்ல மெல்ல துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஊர்ப் பெண்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. 'நம்ம ஊர் சண்டையைக் கேட்ட மாதிரி இருக்கு' என்று ஒருத்தி எழுதி, தனக்கும் மாமியாருக்கும் சேர்த்துத் தைக்கச் சொல்லியிருந்தாள்.

நடுவில் ஒரு தடவை, தா.பழூர்க்காரப் பெண் ஒருத்தி தன் புர்கா வெளுத்துவிட்டதாகச் சொன்னாள். இவள் மறைக்கவில்லை. வெளுத்த துணியையே வீடியோவில் காட்டி, இந்த ரகம் சரியில்லை, இனிமேல் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வேறொன்று தைத்து அனுப்பினாள். ஆர்டர் குறைந்துவிடுமோ என்று நான் பயந்தேன். கொஞ்ச நாள் குறையத்தான் செய்தது. பிறகு அந்தத் தா.பழூர்ப் பெண்ணே தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு லப்பைக்குடிக்காட்டுக்கு வந்தாளாம்.

பெரிய கடையெல்லாம் அவள் வைக்கவில்லை. தைக்க முடிகிற அளவுக்கு வேலை வருகிறது, அல்ஹம்துலில்லாஹ் என்கிறாள். அடுத்து எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என்பதை இப்போது கணவர்தான் படுத்துக்கொண்டே முடிவு செய்கிறார். அதில் அவர் யார் பேச்சையும் கேட்பதில்லை.