கறி சாப்பிடாதவர் கட்டிய புகை டிரம்

என் கணவர் பிறந்ததிலிருந்து கறி சாப்பிட்டதில்லை. முட்டை வாசனைக்கே மூக்கைச் சுளிப்பவர். ஓசூரில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நாங்கள். எனக்குச் சிவகங்கைப் பக்கம். அவர் ராயக்கோட்டைப் பக்கத்து, கறி புழங்காத விவசாயக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை நான் தனிச் சட்டியில் கறி வைப்பேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்த மனிதர் எனக்கு உப்புக்கண்டம் போட ஒரு புகை டிரம் கட்டிக் கொடுத்தார் என்றால் எங்கள் ஊரில் இன்றும் யாரும் நம்புவதில்லை.

விஷயம் என் தம்பியைப் பற்றியது. அவன் பட்டாளத்தில் இருந்தான். அம்மாவின் காரியம் முடிந்து கிளம்பும்போது, "இனி லீவு எடுத்து எங்கக்கா வர்றது? லீவே வேணாம்னு எழுதிக் குடுத்துருவேன்" என்றான். அப்பா முன்னமே போய்விட்டார். ஊர் வீட்டையும் பூட்டியாகிவிட்டது. என் வீடு இல்லையாடா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. வாயால் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பான். சொன்னபடியே ஒரு வருஷம் அவன் வரவே இல்லை.

பிறகு ஒரு ஆடி மாதம் போன் செய்தான். ஏதோ பயிற்சிக்காகப் பெங்களூர் வருகிறானாம், திரும்பும்போது ஒரு பகல் எங்களோடு இருப்பானாம். அந்த ஒரு பகலில் இது தன் வீடு என்று அவனுக்குத் தோன்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் தம்பி கைவிட்டுப் போய்விடுவான் என்று எனக்குப் பயம். அம்மா அவனுடைய ஒவ்வொரு லீவுக்கும் உப்புக்கண்டம் போட்டு வைத்திருப்பாள். அதை நான் போடுவது என்று முடிவு செய்தேன். மூன்று வாரம் இருந்தது.

உப்புக்கண்டத்தில் என்ன பெரிய வித்தை? கறியை நீளமாக அறுத்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, சணலில் கோத்து வெயிலில் கட்டினால் தீர்ந்தது. அப்படித்தான் ஓசூர் ஜூஜுவாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கட்டினேன். சிவகங்கை வெயிலை மனதில் வைத்துக்கொண்டு ஓசூரில் கறி காயப்போட்ட புத்திசாலி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆடியில் அங்கே மூடாப்பும் சாரலும் குளிர்காற்றும்தான். மூன்றாம் நாள் கறி கொழகொழத்து நாற்றம் எடுத்தது. அத்தனையையும் கொட்டிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் வந்து பார்த்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள். "வெயிலு எதுக்கு? சூடும் காத்தும் போதும். எங்க பெயிண்ட் ஷாப்புல மழையிலயும் காயுதே" என்றார். கறியும் கார் பம்பரும் ஒன்றா என்று கத்தினேன். அவருக்குக் கோபமே வராது. "ஒரு கிலோ போட்டா காஞ்சதும் எவ்ளோ ஆவும்?" என்று கேட்டார். நானூறு கிராம் என்றேன்.

அடுத்த ஞாயிறு பழைய இரும்புக் கடையிலிருந்து எண்ணெய் டிரம் ஒன்று வந்து இறங்கியது. அதற்குள் விறகை அடுக்கிக் கொளுத்தி, பெயிண்டும் எண்ணெய்ப் பிசுக்கும் எரிந்து தீரும்வரை விட்டு, பிறகு புளியும் சோப்பும் போட்டு மூன்று முறை தேய்த்தார். கறிக்கு நேர் அடியில் நெருப்பு இருந்தால் வெந்துவிடும் என்று அவராகவே யோசித்து, டிரம்மைவிட்டுத் தள்ளி ஒரு சின்னத் தகர அடுப்பை வைத்து, குழாய் வழியாகப் புகையை டிரம்முக்குள் கொண்டுவந்தார். மேலே புகை போக ஓட்டை, அதை மூடித் திறக்க ஒரு தகடு. கறியைத் தொங்கவிட நாலு எவர்சில்வர் கம்பி. ஒரு வெல்டிங்கூடக் கோணலாக இல்லை. கறியைத் தொடாத மனிதர் கறிக்குக் கொடுத்த மரியாதையைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது.

விறகுதான் காலை வாரிவிட்டது. கம்பெனிக்கு மெஷின் வந்த பெட்டிப் பலகையைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். வெள்ளையாக, நன்றாகக் காய்ந்து, பார்க்கவே சுத்தமாக இருந்தது. சுத்தமான மரத்திலிருந்து சுத்தமான புகை வரும் என்று அவர் நினைத்தார். இரண்டு நாள் புகை போட்டோம். காலையும் மாலையும் கம்பியோடு கறியைத் தராசில் மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு எடை பார்த்தார். ஒரு கிலோ கறி நானூறு கிராமாகக் குறைந்ததும் பரீட்சையில் பாஸானவர்போல என்னைப் பார்த்தார். ஒரு துண்டை வறுத்து வாயில் வைத்தேன். டர்பன்டைன் குடித்ததுபோல் இருந்தது.

பிரமாதம் என்று பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவரால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தம்பி கண்டுபிடித்துவிடுவானே. "கசக்குதுங்க" என்றேன்.

முகம் வாடியது. இருந்தாலும் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தார். "நாக்குல கசக்குதா, தொண்டையிலயா?" என்று கேட்டு எழுதினார். வெறும் டிரம்மைச் சூடாக்கி உள்ளே தலையை விட்டு முகர்ந்தார், ஒன்றும் இல்லை. பலகைத் துண்டைக் கொளுத்தி முகர்ந்தார். "மரத்துல பிசினு. டிரம்மு மேல தப்பில்ல" என்றார். அவருக்கு நாக்கு உதவாவிட்டாலும் மூக்கு உதவியது.

தம்பி வர இன்னும் ஆறு நாள். தைலமரக் குச்சியில் ஒரே ஒரு துண்டைப் புகைத்தார். தலைவலித் தைலம் தடவிய கறி கிடைத்தது. அதையும் நான்தான் தின்றேன். பிறகு ராயக்கோட்டையில் பட்டுப்புழு வளர்க்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போனார். புழு இலையைத் தின்ற பிறகு மல்பெரிக் குச்சி அங்கே குவிந்து கிடக்கும். ஒரு கட்டு எடுத்துக்கொண்டு, எதற்கு என்று கேட்ட அக்காவிடம் "புகை போடறதுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். கொசுவுக்கு என்று நினைத்துக்கொண்டாராம் அந்த அம்மா.

அந்தக் குச்சியில் புதிதாகக் கறி போட்டோம். புகையில் லேசான இனிப்பு இருந்தது. வறுத்த துண்டை நின்றபடியே தின்று, இன்னும் இரண்டு எடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே நோட்டில் 'சரி' என்று எழுதினார். தான் சாப்பிடாத பண்டத்தை இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்துச் சரிசெய்யும் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. அந்த மனிதரை அன்று எனக்கு ரொம்பப் பிடித்தது.

தம்பி வந்தான். விருந்தாளிபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். தண்ணீரைக்கூடக் கேட்டு வாங்கிக் குடித்தான். ரசம் சோற்றோடு, நல்லெண்ணெயில் வறுத்த கண்டத்தை வைத்தேன். வறுக்கிற வாசனைக்கும் எழுந்து போகாமல் என் கணவர் எதிரே உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு துண்டை மென்றான். "அம்மா செஞ்சது மாதிரி இல்லக்கா. புகை வாசம் அடிக்குது" என்றான்.

அவர்தான் பதில் சொன்னார். "இங்க வெயிலு இல்ல மாப்ள, அதான் புகையில போட்டது. நான் சாப்படறதில்ல, ருசி தெரியாது. உங்கக்கா தின்னு பாத்துச் சொன்னத வெச்சுத்தான் பண்ணன்."

"நீங்களா செஞ்சீக மாமா?"

எச்சில் கையோடு மாடிக்குப் போய் டிரம்மைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். தட்டைக் காலி செய்தான். பிறகு அடுப்படிக்குள் அவனே போய், சட்டியில் மிச்சமிருந்ததை யாரையும் கேட்காமல் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "பொங்கலுக்கு லீவு எழுதிக் குடுக்கப்போறேன் மாமா. பத்து நாளு. அப்பவும் போடுவீகளா?" என்று கேட்டான்.

"தேதியச் சொல்லு மாப்ள. அஞ்சு நாளு முன்னாடியே போட்டுடறன்."

தம்பி தேதியைச் சொன்னான். நான் அழுதுகொண்டே இரண்டு பேரையும் ஒதுக்கிவிட்டு, வறுக்காத மீதிக் கண்டத்தைப் பொட்டலம் கட்டி அவன் பைக்குள் திணித்தேன்.