ஒன்பது பூச்சு வெள்ளை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது. அது கதை கட்டி வந்த தழும்பு இல்லை.

நான் ரயில் யார்டில் சக்கரம் பார்க்கிறவள். நடந்தது பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னானோ தெரியவில்லை.

பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் விளிம்பு கொதிக்கும். அதைக் கண்டுபிடிக்க விளிம்பில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பட்டை அடித்து வைப்போம். சூடு எல்லை மீறினால் பட்டை கருகும். கருகினால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். கொதித்து ஆறிய விளிம்பு உள்ளுக்குள் விறைத்து இழுத்தபடி இருக்கும். முடியளவு கீறல் போதும், சக்கரம் பிளந்துவிடும். புதுச் சக்கரங்களின் நடுப்பகுதியை வளைத்துச் செய்கிறார்கள், சூட்டுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இது பழையது. நடுப்பகுதி நேர்த்தகடு.

மூன்றாவது பெட்டி, இரண்டாவது சக்கரம். பட்டை கருகியிருந்தது. வண்டி 4:10க்குக் கிளம்ப வேண்டும். என் அக்கா தினமும் அந்த வண்டியில்தான் வேலை முடிந்து வீட்டுக்குப் போவாள்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பேர் அவசரம்.

"கழட்டணும் சார்," என்றேன்.

"பெயிண்ட்டை அடிச்சு விடும்மா. நேரமில்ல."

"கருகியிருக்கு சார்."

"அதான் அடிக்கச் சொல்றேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்றேன். அவரே டப்பாவை எடுத்துக் கருகல் மேல் வெள்ளையைப் பூசிவிட்டுப் போனார். மணி 2:14. இதற்குப் பெயர் பராமரிப்பாம்.

வண்டி முந்தின நாளிலிருந்து அசையாமல் நின்றது. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

2:20. வண்டிக்கு அந்தப் பக்கம் யாரோ சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தார்கள். கணீர்... கணீர்... நல்ல சக்கரம் அப்படித்தான் ஒலிக்கும்.

மூன்றாவது பெட்டிக்கு வந்தது.

தொப்.

குனிந்து பார்த்தேன். அந்தப் பக்கம் ஆள் இல்லை. கால்கூட இல்லை. யார்டில் இருந்த ஒரே சுத்தியல் என் கையில் இருந்தது.

2:26. ஏதோ தீய்கிற வாடை...

வெள்ளைப் பட்டை கொப்பளித்தது. பழுப்பானது. கருகியது.

தொட்டேன். தோல் ஒட்டிக்கொண்டது.

வெப்பமானியைக் காட்டினேன். முப்பத்தொரு டிகிரி.

2:32. தொப்... என் காதுக்குப் பக்கத்தில்.

ஓடினேன். அவசரத்தின் மேசைமேல் என் கையை விரித்து வைத்தேன். "வந்து பாருங்க."

வந்தார். நான் ஏமாற்றுகிறேன் என்று முணுமுணுத்தபடி மறுபடி பூசினார். தூரிகையை எடுப்பதற்குள் கருகியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பெட்டியைக் கழட்டுங்க," என்றார்.

ஒரு பெட்டி குறைவாக வண்டி போனது. அக்கா நின்றுகொண்டே போய், வீட்டுக்கு வந்ததும் என்னைத்தான் திட்டினாள்.

நான்கு நாள் கழித்துப் பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். சக்கரத்தில் விளிம்பிலிருந்து பாதி தூரத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. பெயிண்ட்டைச் சுரண்டியவர் எண்ணிச் சொன்னார், ஒன்பது பூச்சு. முதல் பட்டை போக எட்டு முறை மறைத்திருக்கிறார்கள், பாவிகள்.

ஒன்பதுக்கும் அடியில், வெறும் இரும்பில், 'கழற்று' என்பதற்கான பெருக்கல் குறி குத்தியிருந்தது. பக்கத்தில் குத்தியவரின் பணி எண், 418.

பதிவேட்டைப் பார்த்தேன். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் வேறொரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். அவசரம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் போக வேறு வண்டி இல்லாமல் அவரும் அதிலேயே ஏறினார். சக்கரம் பிளந்தது. செத்தது அவர். கையெழுத்துப் போட்டவர் இன்னும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்.

சாவதற்கு முன் இந்தச் சக்கரத்தையும் அவர் பார்த்திருப்பார், அப்போது குத்திய குறிதான் இது என்று நினைத்தேன். பட்டறைக்குத் திரும்பிப் போய், எண்ணுக்குக் கீழே இருந்த தூசியைத் துடைத்தேன்.

தேதி இருந்தது. என் கை வெந்த அன்றைய தேதி.