கன்னியம்மாள் கத்தாமல் பேசிய காலை

மார்கழியில் ஒருநாள் காலை ஆறே முக்காலுக்குக் காஞ்சிபுரத்தில் பேருந்து ஏறினேன். உத்திரமேரூருக்கு முப்பது கிலோமீட்டர். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். பாலாற்றுப் பாலத்தின் மறுமுனை பனியில் தெரியவில்லை. வண்டி வெண்மைக்குள் மிதந்து போயிற்று. மடியிலிருந்த அட்டைப்பெட்டியில் பதினொரு காது கேட்கும் கருவிகள், எங்கள் சிறிய அறக்கட்டளை வாங்கியவை.

எட்டு மணிக்கு, செவித்திறன் பரிசோதகர் ஸ்டெல்லாவுடன் அங்கிருந்து ஆட்டோவில் ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்த கிராமத்துக்கு. ஏரிக்கரையில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். "பனி வுடற வரிக்கும் இப்டித்தான் சார். மாடு எது, மனுசன் எதுன்னே தெரியாது."

சமூகக்கூடத்தில் முதலில் வந்தவர் முனுசாமி. கல் குவாரி வெடிச்சத்தத்தில் கேட்கும் திறன் போய்ப் பன்னிரண்டு வருடம். பிறகு கூலி அறுப்புக்குப் போனார். போன மாதம் பின்னால் வந்த டிராக்டரின் ஹாரன் கேட்காமல் மயிரிழையில் தப்பியபின் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இதையெல்லாம் அவர் மனைவி கன்னியம்மாள் என்னிடமும் கத்தியேதான் சொன்னார். குரல் அப்படிப் பழகிவிட்டது.

ஸ்டெல்லா கருவியைப் பொருத்தினார். முனுசாமி உதட்டைப் பிதுக்கினார். ஒலியைக் கூட்டியும் பயனில்லை.

"நம்ப தலையெய்த்து அவ்ளோதான். வா, வூட்டுக்குப் போலாம்" என்று கன்னியம்மாள் எழுந்துவிட்டார்.

"அஞ்சு நிமிஷம் உக்காருங்கம்மா" என்ற ஸ்டெல்லா, காதுக்குள் போகும் முனையைக் கழற்றி வேறு அளவில் ஒன்றை மாட்டினார்.

முனுசாமி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வேப்பமரத்தில் ஏதோ பறவை கூவியது. பிறகு மனைவியைப் பார்த்து, "இன்னாமே, பேசு" என்றார்.

கன்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா பேசறதுன்னே தெரிலியே" என்றார், கத்தாமல்.

"உன் கொரலு மாறிப்போச்சுமே."

"வயசாவுதில்ல?"

"நல்லாத்தான் கீது."

வாசலில் நின்றிருந்த அறுவடை மேஸ்திரி, முனுசாமியின் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "திங்கக்கெயம அறுப்பு கீது."

"வரேன் மேஸ்திரி" என்றார் முனுசாமி, திரும்பாமலே.

அன்று ஒன்பது பேருக்குக் கேட்டது. இரண்டு பேர் வந்தபடியே திரும்பிப் போனார்கள்.

ஒரு மணிக்குக் கிளம்பினோம். மரத்தடியில் கன்னியம்மாள் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, முனுசாமி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்கிறது. என் மனைவி சொன்ன எதையாவது நான் கடைசியாக முழுவதும் கேட்டது எப்போது? காஞ்சிபுரம் வரும்வரை யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.