வேதாசலம் வாசலில் முளைத்த வேல்

"ஊருக்கு நல்லதுன்னா என் வூட்டு வாசலையே எழுதிக் குடுத்துடுவேன்" என்று வேதாசலம் முழங்கியதைத் தெருவே கேட்டது. தெரு நலச்சங்கத் தேர்தலன்று, ரேஷன் கடை பெஞ்சின் மேல் ஏறி நின்று முழங்கினார். போட்டியிட வேறு ஆள் வராததால் அமோகமாக வென்றார்.

கரும்பு ஆலையில் எடைமேடை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். லாரி லாரியாகக் கரும்பை நிறுத்த பழக்கத்தில் ஊர்ப் பிரச்சினைகளையும் ஒரு பார்வையில் நிறுத்து, எல்லாம் லேசுதான் என்று சொல்லிவிடுவார்.

தெருவின் கனமான பிரச்சினை முனையில் கிடந்தது. அத்தனை வீட்டுக் குப்பையும் ஆலம் பீயின் டிபன் கடை ஓரம்தான் குவியும். ஈ மொய்க்கிற இடத்தில் உட்கார்ந்து இட்லி தின்ன யார் வருவார்? கடையைக் கட்டிவிட்டு அரக்கோணத்தில் மகள் வீட்டோடு போய்விட வேண்டியதுதான் என்று அவள் புலம்ப ஆரம்பித்திருந்தாள்.

அப்போதுதான் நகராட்சியிலிருந்து கவிப்பிரியா என்ற பெண் வந்தாள். மக்களைக் கேட்காமல் இனி எதுவும் செய்வதில்லை என்றாள். புதுக் குப்பைத் தொட்டி வருகிறதாம். நிரம்பினால் அதுவே ஆபீசுக்குத் தகவல் அனுப்புமாம். எங்கே வைப்பதென்று தெருவே முடிவு செய்யலாமாம். தெருவின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, ஆளுக்கொரு பச்சைப் பொட்டும் கொடுத்தாள். தொட்டி வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இந்தப் பக்கத்தார் பொட்டை அந்தப் பக்க வாசல்களில் ஒட்டினார்கள். அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்தில். வரைபடத்துக்கு அம்மை போட்டுவிட்டது.

ஆலம் பீ எழுந்தாள். "அண்ணந்தான் வாசலையே எழுதிக் குடுக்கறேன்னாரே. வண்டி திரும்ப எடமும் அங்கதான் கீது."

தெரு ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது அன்றுதான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வேதாசலம் சிரித்த முகம் மாறாமல், "ஆங், வைங்க" என்றார். கவிப்பிரியா கையோடு போய் அவர் வாசலோரம் சுண்ணாம்பால் கட்டம் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கோவிந்தம்மாள் குழம்போடு சேர்த்துப் பேச்சையும் ஊற்றினாள்: "ஊரே வந்து நம்ம வாசல்ல கொட்டிக்கினு போவப் போவுது. அந்த வாய்க்கு நல்லா வேணும்."

தொட்டி வர வேண்டிய காலையில், சுண்ணாம்புக் கட்டத்தின் நடுவே ஒரு வேல் நின்றது. மஞ்சள் துணி, குங்குமம், முனையில் எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி. முருகன் கனவில் வந்து இடம் காட்டினார் என்றார் வேதாசலம். வேறு ஊராக இருந்தால் யாராவது குறுக்கே ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். இது திருத்தணி; இங்கே ஊன்றிய வேல்மேல் கை வைப்பவர் யார்? தொட்டியை ஏற்றி வந்த டிரைவரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு, தொட்டியோடு திரும்பிப் போனார். வேறு வாசல் சொல்லுங்கள் என்று கவிப்பிரியா கேட்டுப் பார்த்தாள். அதற்குள் தெருவில் பலருக்கும் கனவு வர ஆரம்பித்திருந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலைக்கு நடந்து போகிற காவடிக் கூட்டம் வேலைக் கண்டால் சும்மா தாண்டிப் போகுமா? நின்று கற்பூரம் ஏற்றியது, தேங்காய் உடைத்தது, பொங்கல் தின்ற தொன்னையை அங்கேயே போட்டுவிட்டு அரோகரா சொல்லி நடந்தது. வாசலில் மாலையும் தேங்காய் ஓடும் தொன்னையும் முழங்கால் உயரம்.

திருவிழா முடிந்த மறுநாள் காலை, வேதாசலம் அத்தனையையும் சாக்கில் அள்ளித் தோளில் ஏற்றிக்கொண்டு தெருமுனைக்கு வந்தார். ஆலம் பீ இட்லிக் குண்டானை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள்; பெஞ்சுகள் ஏற்கெனவே போயிருந்தன.

"போடுங்கண்ணா" என்றாள். "இனிமே கேக்கறதுக்கு ஆளில்ல."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். சாக்கைக் கவிழ்த்தார். காலிச் சாக்கை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே நடந்தார்.